கோழிக்குஞ்சு சொன்னது, எலி சொல்லாதது

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி வரும் தலைப்பு ஒன்று உண்டு. “ஆராய்ச்சிக்காகப் பிராணிகளைப் பயன்படுத்தலாமா, கூடாதா?” என்பதே அது. ‘பயன்படுத்தலாம்’ என்னும் கட்சியினர், பிராணிகள் இல்லாமல் மருந்துகளும் தடுப்பூசிகளும் வந்திருக்குமா என்று கேட்பார்கள். ‘கூடாது’ என்னும் கட்சியினர், வாயில்லா ஜீவன்களை வதைப்பது அறமாகுமா என்று கேட்பார்கள். எலி வேறு, மனிதன் வேறு. எலியிடம் கண்டது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும் என்றும் மடக்குவார்கள். இரு பக்கமும் கைதட்டல் கிடைக்கும்.

இந்த விவாதத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. இரு கட்சியினருமே ‘பிராணி’ என்று பொதுவாகப் பேசுகிறார்கள். எந்தக் கேள்விக்காக? எந்தப் பிராணி? எத்தனை? அந்தக் கேள்விக்கு விடை முன்பே தெரிந்திருக்கிறதா? இந்த நான்கையும் கேட்காமல் ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ தீர்ப்புச் சொல்வது, நோய் என்னவென்று கேளாமலே மருந்து கொடுப்பதைப் போன்றது.

வெறும் வாதமாக இதைச் சொல்வதைவிட ஒரு வரலாற்றைக் கொண்டு சொல்வது நல்லது. அந்த வரலாறு உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. வைட்டமின் அட்டவணையைப் பாருங்கள். ‘வைட்டமின் கே: இரத்தம் உறைய உதவும், குறைந்தால் இரத்தக் கசிவு உண்டாகும்’ என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு எத்தனை பிராணிகள் எப்படிப் பயன்பட்டன என்று பார்ப்போம்.

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் இருந்தார். 1928 முதல் 1930 வரை அவர் கோழிக்குஞ்சுகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார். அவர் கேட்ட கேள்விக்கும் இரத்தத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளைக் குஞ்சு தன் உடலிலேயே தயாரித்துக் கொள்கிறதா, அல்லது உணவிலிருந்துதான் பெறுகிறதா என்பதே கேள்வி. ஆகவே கொலஸ்டிரால் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட செயற்கை உணவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். அந்நாளில் தெரிந்திருந்த வைட்டமின் ஏ, வைட்டமின் டி ஆகியவற்றை மறக்காமல் சேர்த்தார்.

அவருடைய கேள்விக்கு விடை கிடைத்தது. குஞ்சு கொலஸ்டிராலைத் தானே தயாரித்துக் கொள்கிறது. ஆனால், இரண்டு மூன்று வாரங்கள் கழிந்ததும், கேட்காத ஒரு விடையும் வந்து நின்றது. சில குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசைகளிலும் இரத்தம் கசிந்து கட்டியிருந்தது. அவற்றின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், அது உறைவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

இதைக் கண்டவர் டாம் ஒருவர் மட்டுமல்லர். கனடாவின் ஒன்டாரியோவில், கொழுப்பு நீக்கப்பட்ட மீன்தூளைத் தின்று வளர்ந்த குஞ்சுகளுக்கு அடையாள வளையம் மாட்டச் சிறகில் துளையிட்டபோது, சில குஞ்சுகள் இரத்தம் நிற்காமலே இறந்தன. 1931-இல் இது வெளியாயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேறு இருவர் இதே நோயைக் கண்டார்கள். முட்டைக்கோஸ் கொடுத்ததும் குஞ்சுகள் தேறின. முட்டைக்கோஸில் வைட்டமின் சி உண்டு. வைட்டமின் சி குறைந்தால் ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். ஆகவே இதுவும் ஸ்கர்வி போன்றதே என்று அவர்கள் 1933-இல் எழுதினார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அவர்கள் கொடுத்த மருந்து சரியானது, குஞ்சுகள் பிழைத்தன. ஆனால் சொன்ன காரணம் தவறு. முட்டைக்கோஸில் வைட்டமின் சி மட்டுமா இருக்கிறது? வேறு ஆயிரம் பொருள்களும் இருக்கின்றன. அவற்றுள் குஞ்சைக் காப்பாற்றியது எது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம். டாம் அதைத்தான் செய்தார். எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்தார், நோய் நீங்கவில்லை. பின்னர் தூய வைட்டமின் சி கிடைத்ததும் அதையே ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார், அப்போதும் நீங்கவில்லை. கொலஸ்டிராலைத் திரும்பச் சேர்த்தும் பயனில்லை. பச்சை இலைகளும் பன்றியின் ஈரலும் நோயை நீக்கின. ஆகவே, கொழுப்பில் கரையும் புதிய வைட்டமின் ஒன்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1935-இல் அதற்கு ‘கே’ என்று பெயரிட்டார். ஆங்கில எழுத்து வரிசையில் அதுவரை எந்த வைட்டமினுக்கும் சூட்டப்படாத முதல் எழுத்து அது. ஜெர்மன், டேனிஷ் மொழிகளில் ‘உறைதல்’ என்னும் சொல்லுக்கும் அதுவே முதல் எழுத்து.

1939-இல் அமெரிக்காவின் எட்வர்டு டாய்ஸி இதன் ஒரு வகையைக் குதிரைமசால் தீவனத்திலிருந்தும், இன்னொரு வகையை அழுகிய மீன்தூளிலிருந்தும் பிரித்தெடுத்தார். டாமுக்கும் டாய்ஸிக்கும் 1943-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

எலி ஏன் பேசவில்லை?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆராய்ச்சிக்கூடம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரும் பிராணி வெள்ளெலி. டாம் குஞ்சுகளுக்குப் பதில் எலிகளை வளர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வைட்டமின் கே இல்லாத உணவைக் கொடுத்தாலும் சாதாரண எலிக்கு இரத்தக் கசிவு எளிதில் வருவதில்லை.

அப்படியானால் எலிக்கு வைட்டமின் கே தேவையே இல்லையா? அவசரப்பட்டால் அப்படித்தான் எழுதிவிடுவோம். எலியின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஒருவகை வைட்டமின் கே-யைத் தயாரிக்கின்றன. அது பெரும்பாலும் குடலின் கடைப்பகுதியில் உண்டாவதால் கழிவோடு வெளியேறிவிடும். ஆனால் எலி தன் எச்சத்தைத் தானே தின்னும் வழக்கம் உடையது. வெளியே போன வைட்டமின் மீண்டும் வயிற்றுக்குள் வந்துவிடுகிறது. உணவுத் தட்டில் நாம் எடுத்துவிட்டதை எலி பின்வாசல் வழியாகப் பெற்றுக்கொள்கிறது!

இது ஊகம் அன்று. எலி தன் எச்சத்தைத் தின்ன முடியாதபடி தடுத்தபோது அதற்கும் குறைபாடு வந்தது. ஸ்வீடன் நாட்டில் குஸ்டாஃப்சன் என்பவர் நுண்கிருமிகளே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கு வைட்டமின் கே இல்லாத உணவைக் கொடுத்தார். அவற்றுக்கு இரத்தக் கசிவு உண்டாயிற்று. 1959-இல் இதை அவர் வெளியிட்டார்.

கோழிக்குஞ்சின் நிலை வேறு. அதன் குடல் குட்டையானது. பாக்டீரியா தயாரிப்பது அதற்கு வேண்டிய அளவில் உடலில் சேர்வதில்லை. வைட்டமின் கே கொழுப்பில் கரைவதுதான் என்றாலும், வைட்டமின் ஏ-யைப் போல உடலில் நெடுநாள் சேமித்து வைக்கப்படுவதும் இல்லை. ஆகவே உணவில் அது நின்றதும் ஓரிரு வாரங்களில் குஞ்சின் இரத்தம் அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஒரே கேள்வியை இரண்டு பிராணிகளிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வருகிறது. இரண்டும் பொய்யல்ல. நாம் எதைக் கேட்கிறோம் என்பது நமக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ‘இரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டுமா?’ என்பது ஒரு கேள்வி. ‘அதை உணவிலிருந்துதான் பெற வேண்டுமா?’ என்பது வேறு கேள்வி. எலி இரண்டாவது கேள்விக்குத்தான் ‘இல்லை’ என்றது. முதல் கேள்விக்கு அதன் பதிலும் ‘ஆம்’ என்பதே.

இதற்குச் சான்று எலி மருந்துதான். 1920-களில் கனடாவிலும் வடக்கு அமெரிக்க மாநிலங்களிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்தன. கனடாவின் கால்நடை மருத்துவர் ஸ்கோஃபீல்டு, ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் பிரித்து வெவ்வேறு முயல்களுக்குக் கொடுத்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். பூசணம் பிடித்த தீவனத்தில் உண்டாகும் நச்சுப் பொருளை 1939-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. உடலில் ஒருமுறை வேலை செய்த வைட்டமின் கே-யை மீண்டும் வேலைக்குத் தயார் செய்யும் நொதியை அது தடுக்கிறது. வைட்டமின் கே இல்லாமலே எலியின் இரத்தம் உறையும் என்றால், இந்த மருந்து எலியை எப்படிக் கொல்லும்? 1954-இல் இதே பொருள், இரத்தக் குழாயில் தேவையின்றி இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாக மனிதருக்கும் அங்கீகரிக்கப்பட்டது. அளவு மிகாமல் மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

காயம் பட்டதும் இரத்தத்திலுள்ள பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. முடிவில் புரோத்ராம்பின் என்னும் புரதம் த்ராம்பினாக மாறுகிறது. த்ராம்பின், கரைந்திருக்கும் பைப்ரினோஜனைப் பைப்ரின் இழைகளாக்குகிறது. அந்த இழைவலையில் இரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகின்றன. புரோத்ராம்பினும் உறைதலுக்கு உதவும் வேறு சில புரதங்களும் கல்லீரலில் உண்டாகின்றன. அவற்றின் சில இடங்களில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியைப் பொருத்த வைட்டமின் கே வேண்டும். புரோத்ராம்பினில் இத்தகைய இடங்கள் 10 உள்ளன. அந்தத் தொகுதிகள்தாம் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் கைகள். வைட்டமின் கே இல்லாவிட்டால் கையில்லாத புரோத்ராம்பின் உண்டாகிறது. அது இரத்தத்தில் சுற்றும், வேலை செய்யாது. மாடுகளின் புரோத்ராம்பினை ஆராய்ந்து 1974-இல் இது தெளிவாக்கப்பட்டது.

குஞ்சும் குழந்தையும்

‘குஞ்சுக்கு வந்தது மனிதனுக்கு வருமா?’ என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. நியாயமான கேள்விதான். நல்ல உணவு உண்ணும் பெரியவர்களுக்கு இக்குறைபாடு அரிது. கீரையிலும் முட்டைக்கோஸிலும் போதிய வைட்டமின் கே இருக்கிறது. ஆனால் இரண்டு வகை மனிதர்கள் குஞ்சைப் போன்ற நிலையில் இருக்கிறார்கள்.

முதலாவது, பித்தநீர் குடலுக்கு வராமல் அடைபட்ட மஞ்சள்காமாலை நோயாளிகள். பித்தநீர் இல்லாவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பில் கரையும் வைட்டமினும் உடலில் சேராது. பித்தநீரைக் குடலுக்குப் போகவிடாமல் வெளியே திருப்பிவிடப்பட்ட நாய்களுக்கு இரத்தக் கசிவு வருவது 1930-களில் கண்டறியப்பட்டது. 1938-இல் இத்தகைய நோயாளிகளுக்குப் பித்த உப்புடன் வைட்டமின் கே கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை அறுவைச் சிகிச்சை மேடையில் இரத்தம் நிற்காமல் மடியக்கூடிய நிலையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இரண்டாவது, பிறந்த குழந்தை. தாயின் உடலிலிருந்து கருவுக்கு மிகக் குறைவான வைட்டமின் கே-யே செல்கிறது. பிறந்தபோது குடலில் பாக்டீரியா குடியேறியிருப்பதில்லை. தாய்ப்பால் குழந்தைக்குச் சிறந்த உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் இந்த ஒரு வைட்டமின் மட்டும் மிகக் குறைவு. ஆகவே சில குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே இரத்தக் கசிவு வரும். வேறு சில குழந்தைகளுக்கு, நன்றாக வளர்ந்து கொண்டிருக்கும்போதே, இரண்டாம் வாரத்துக்குப் பின் மூளைக்குள் இரத்தம் கசியும். தடுப்பு இல்லாவிட்டால் இந்தப் பின்வகை, லட்சம் குழந்தைகளில் 4 முதல் 7 பேருக்கு வரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எண் சிறிது, ஆனால் வந்தால் உயிர் போகலாம், அல்லது ஆயுள் முழுதும் ஊனம் நிற்கலாம். இதைத் தடுக்கப் போதுமானது பிறந்தவுடன் போடும் 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1961-இல் இதைப் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைப் போட வேண்டும் என்ற அரசு வழிகாட்டுதல் உண்டு.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்த குழந்தைகளுக்கு வரும் இந்த இரத்தக் கசிவை 1894-லேயே பாஸ்டன் நகரத்து மருத்துவர் டவுன்செண்டு விவரித்து எழுதினார். பிராணிகளை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காரணம் தெரியவில்லை. குழந்தையின் உணவிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க யாருக்கு மனம் வரும்? வரவும் கூடாது. அந்த விடையைச் சொன்னது கோழிக்குஞ்சு.

அப்படியானால் ‘பயன்படுத்தலாம்’ கட்சியே வென்றதா? இல்லை என்பதே என் கருத்து. குஞ்சு விடை சொன்னது உண்மை; அதற்காக அது இரத்தம் கசிந்து இறந்ததும் உண்மை. தன் விருப்பத்தின்பேரில் எந்தக் குஞ்சும் கூண்டுக்குள் வரவில்லை. ஆகவே ஒருமுறை அது சொன்ன விடையைக் கவனமாகப் படிக்க வேண்டிய கடன் நமக்கு உண்டு. விடை தெரிந்த பிறகு அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்பது ஆராய்ச்சி ஆகாது, கொடுமைதான்.

ஒரு காலத்தில் ஒரு கீரையில் எவ்வளவு வைட்டமின் கே இருக்கிறது என்று அளக்க வேண்டுமானால், குஞ்சுகளுக்குக் குறைபாட்டை உண்டாக்கி, அந்தக் கீரையைக் கொடுத்து, இரத்தம் எத்தனை விரைவில் உறைகிறது என்று பார்ப்பார்கள். இன்று கருவிகளே அதை அளந்து விடுகின்றன. ஒரு குஞ்சும் வேண்டாம். வைட்டமின் கே புரதங்களில் செய்யும் வேலையைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் மனித உயிரணுக்களிலேயே பார்க்க முடிகிறது. வேறு வழி இருந்தால் பிராணியை விட்டுவிடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்ற மூன்று விதிகளை ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1959-இல் வகுத்தார்கள். நம் நாட்டில் 1960-இல் இயற்றப்பட்ட பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், கற்பிப்பதற்குப் புத்தகம், மாதிரி, திரைப்படம் ஆகியவை போதுமான இடத்தில் பிராணிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. விடை தெரிந்த பரிசோதனையை ‘பாடத்துக்காக’ என்று செய்து காட்டுவதை நான் ஏற்கவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்க ஒரு குஞ்சும் சாக வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் விடை தெரியாத கேள்விகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குப் பிராணியைத் தவிர வேறு வழி இன்று இல்லை. அங்கே நான் ‘கூடாது’ என்று சொல்லமாட்டேன். கேள்வி தெளிவாக இருக்கட்டும். பிராணி பொருத்தமாக இருக்கட்டும். எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். கிடைத்த விடை குப்பைக்குப் போகாதிருக்கட்டும் என்பேன். முட்டைக்கோஸைப் பார்த்ததும் வைட்டமின் சி என்று முடிவு கட்டுவதும், எலிக்கு நோய் வராததைப் பார்த்ததும் எலிக்கு இந்த வைட்டமினே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும், பிராணி கொடுத்த விடையை வீணாக்குவதே ஆகும்.

மாணவ நண்பர்களே! ‘எலியில் நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு மருந்தைப் பற்றியோ உணவைப் பற்றியோ யாரேனும் சொன்னால், உடனே நம்பவும் வேண்டாம், உடனே சிரிக்கவும் வேண்டாம். எந்தக் கேள்வி, ஏன் எலி, எத்தனை எலி, அந்த எலி எந்த வகையில் நம்மைப் போன்றது, எந்த வகையில் வேறானது என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ ஒரு குழந்தை பிறந்தால், வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டவணையின் அந்த ஒரு வரியைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது.